மண்டைக்குள்ள களிமண்

குறிப்புப் புத்தகத்தோடு வந்து கேள்வி கேட்பவர்களுக்குச் செல்வமலரிடமிருந்து உண்மை கிடைக்காது. அதற்காக அவளைப் பொய்க்காரி என்றும் சொல்ல முடியாது. எந்தப் பதிலுக்காக மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது வருபவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும். அவள் அதைப் பார்த்து வாசித்துக் கொடுத்து, தேநீரும் ஊற்றி அனுப்பிவிடுவாள்.

இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த பதினான்கு வருடத்தில் அப்படி மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். ஒரு பாதிரியார், தொண்டு நிறுவனத்துப் பெண்மணி ஒருத்தி, ஆய்வேடு எழுதும் பல்கலைக்கழகப் பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளை, கண்ணில் கண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, "கடலைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும்?" என்று கேட்டது. "ஊர் ஞாபகம் வரும்" என்றாள் செல்வமலர். பிள்ளை அழுதுகொண்டே எழுதிக்கொண்டது. மொண்டெல்லோக் கடலைப் பார்க்கும்போது செல்வமலருக்கு உண்மையில் தோன்றுவது ஒன்றுதான். கரையோரம் இருக்கும் அத்தனை உணவகங்களுக்கும் கடலைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில் அவள் புருஷன் றஞ்சித் பாத்திரம் கழுவுகிறான். அவன் நிற்கிற அறைக்கு யன்னல் கிடையாது.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம், கறுப்பு, வேகநடை. வன்னியில் பிறந்து, போர் முடிந்த வருடம் முகாமில் கிடந்து, வெளியே விட்டபின் றஞ்சித்தின் பெர்மெஸ்ஸோவில், அதாவது வதிவிட அனுமதியில், இங்கே வந்து சேர்ந்தவள். அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோ சந்தையின் சத்தம் சுவரைத் துளைத்து வரும் ஒரு வீட்டில் குடியிருந்தாள். மகள் அமலினிக்குப் பதின்மூன்று வயது. அது தமிழை இத்தாலியன் மாதிரியும் இத்தாலியனைச் சந்தை மீன்காரன் மாதிரியும் பேசும்.

வாரத்தில் மூன்று நாள் செல்வமலர் ஒரு வழக்கறிஞர் வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போவாள். செவ்வாயும் வெள்ளியும் கபோ சந்தைப் பக்கம் இருந்த குன்வோர் அம்மாவின், சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடுகிறவளின், ஸ்டூடியோவுக்கு.

குன்வோர் நோர்வேக்காரி. அறுபது தாண்டிய, நெட்டையான, வெள்ளைப் பின்னல் போட்ட கலைஞர். ஒன்பது வருடத்துக்கு முன்பு பலெர்மோவுக்கு வந்து தங்கிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "இங்கே எல்லாம் உண்மையாக இருக்கிறது" என்பாள். அந்த உண்மைக்காகக் கபோ சந்தை முழுவதும் அவளிடம் இரட்டை விலை வாங்கியது. அவள் வேலை செய்வது களிமண்ணில். ஆனால் சட்டி பானை எதுவும் செய்யமாட்டாள். மண்ணுக்கு உருவம் கொடுத்துச் சூளையில் வைப்பது மண்ணின் மேல் செய்யும் வன்முறை என்பது அவளுடைய கொள்கை. ஆகவே மண் வந்தபடியே, குவியல் குவியலாக, ஸ்டூடியோ முழுக்கக் கிடக்கும். அவள் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுப்பாள். சில குவியல்களுக்குப் பெயர் இருந்தது. சிலவற்றுக்கு இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செல்வமலர் ஒவ்வொரு குவியலாகக் கையைக் காட்டி, "சிஞ்ஞோரா, இது வேலையோ, ஊத்தையோ?" என்று கேட்டாள். எதைத் துடைப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நிலம் கழுவ முடியாது அல்லவா. சிஞ்ஞோரா மேசைக்கு ஓடிப்போய் அந்தக் கேள்வியைத் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லவில்லை. செல்வமலர் தன் முடிவுப்படியே துடைத்தாள். மூன்று வருடத்தில் எந்தக் குவியலும் காணாமல் போனதாக முறைப்பாடு வரவில்லை.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனபோது ஸ்டூடியோவின் பெரிய சுவரில் கரித்துண்டால் ஏதேதோ சொற்கள் எழுதியிருந்தன. சிஞ்ஞோரா ஏணியில் நின்றுகொண்டிருந்தாள்.

"செல்வா, வாளியை வை. இதைக் கேள்."

இருவருமே இத்தாலியனை வளர்ந்தபின் படித்தவர்கள். ஒருத்தி வகுப்பில், மற்றவள் கழுவிய மாடிப்படிகளில். ஒருவர் பேச்சு மற்றவருக்கு முக்கால்வாசி விளங்கும்.

சிஞ்ஞோரா ஒவ்வொரு சொல்லாகக் கோலால் தொட்டுச் சொன்னாள். களிமண்ணுக்கு நோர்வேயில் லெய்ரெ, இல்லையென்றால் லெய்ர். ஐஸ்லாந்திலும் லெய்ர். சுவீடனில் லேரா. டென்மார்க்கில் லேர். ஆயிரம் வருடமாக ஒரே சொல். அதற்கும் முந்திய வேர் ஒன்று இருந்ததாம். ஒட்டுவது, வழுக்குவது என்று அதற்கு அர்த்தமாம்.

"ஒட்டுறதோ வழுக்கிறதோ, ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோவன்" என்றாள் செல்வமலர்.

"இரண்டும்தான்."

அது சரிதான் என்று செல்வமலருக்குப் பட்டது. காய்ந்தால் ஒட்டும், நனைந்தால் வழுக்கும். இந்த நிலத்தில் இரண்டையும் மூன்று வருடமாக அனுபவிப்பவள் அவள். இதைக் கண்டுபிடிக்க ஆயிரம் வருடம் பின்னால் போயிருக்க வேண்டாம், தன்னிடம் கேட்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

சிஞ்ஞோரா நிறுத்தவில்லை. டென்மார்க்கில் லேர் என்றால் சிரிக்கிறான் என்றும் அர்த்தம். சுவீடனில் அதே சொல்லுக்குப் புன்னகைக்கிறான் என்று அர்த்தம். ஐஸ்லாந்தில் மோசமான கவிதை எழுதுகிறவனைக் களிமண் கவிஞன் என்பார்கள். பழைய கதையில் கடவுள் ஒருவர் கவிதைக் கள்ளைக் களவெடுத்துக் குடித்துவிட்டுக் கழுகு உருவில் பறந்தாராம். துரத்தி வந்தவனுக்குப் பயந்து கொஞ்சத்தைப் பின்பக்கத்தால் விட்டுவிட்டாராம். கீழே விழுந்த அந்தப் பங்குதான் மட்டக் கவிஞர்களுக்குக் கிடைத்தது.

செல்வமலருக்கு இந்தக் கதை பிடித்துவிட்டது. முதல் தடவையாக நிலம் துடைக்கும் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு, "பிறகு?" என்று கேட்டாள்.

சிஞ்ஞோரா ஏணியை விட்டு இறங்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகத்தில் அந்த எழுத்து வந்துவிட்டது. பாதிரியார், தொண்டுப் பெண்மணி, ஆய்வேட்டுப் பிள்ளை மூவர் முகத்திலும் செல்வமலர் பார்த்த அதே எழுத்து.

"என் மொழியில் லெய்ர் என்றால் இன்னொன்றும் உண்டு. முகாம். களிமண்ணும் முகாமும் எங்களுக்கு ஒரே சொல்."

"இரண்டும் ஒரே இடத்திலயிருந்து வந்ததோ?"

சிஞ்ஞோரா சற்றுத் தயங்கினாள். "இல்லை. முகாம் என்கிற சொல் ஜெர்மன்காரரிடமிருந்து வந்தது. படுக்கிற இடம் என்று அர்த்தம். இரண்டும் பிறகுதான் வந்து மோதிக்கொண்டன. ஆனால் அதைச் சுவரில் எழுதப்போவதில்லை. கலைக்கு அது தேவையில்லை." பிறகு செல்வமலரின் கையைப் பிடித்தாள். "நீ முகாமில் இருந்தாய், இல்லையா? அங்கே மண் இருந்தது, இல்லையா? எனக்குச் சொல்."

வேறு நாளாக இருந்தால் செல்வமலர் வழக்கம்போல் வாசித்துக் கொடுத்திருப்பாள். கழுகுக் கதையைக் கேட்ட உற்சாகமோ என்னவோ, அன்று உள்ளதையே சொன்னாள்.

முகாமில் ஆவணி மழை. கூடாரங்களுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். வெள்ளம் வடிந்தபின் எங்கு பார்த்தாலும் களி. தண்ணீர் பவுசர் வண்டிக்காக நானூறு ஐந்நூறு சனம் வரிசையில் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பெரிய அதிகாரி ஒருவர் வெள்ளை உடுப்போடு வந்தார். பின்னால் இரண்டு கமெராக்காரர், சுற்றிவரத் துப்பாக்கியோடு ஆமி. இங்கே சனத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று கமெராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓர் அடி பின்னால் வைத்தார். கால் வழுக்கியது. இரண்டு கையும் மேலே போக, ஆள் அப்படியே சேற்றில் குந்திவிட்டார். தொப்பி தனியாகக் கிடந்தது.

"ஒருத்தரும் மூச்சு விடேல்லை, சிஞ்ஞோரா. துவக்கோட நிக்கிறாங்கள், எப்பிடிச் சிரிக்கிறது? எனக்குப் பின்னால நிண்ட ஒரு பெட்டைக்கு மூக்கால சிரிப்பு வந்திட்டுது. பிறகு ஆராலும் அடக்க ஏலாமப் போச்சு. வரிசை முழுக்கச் சிரிக்குது. புருஷனைக் காணாதவள் சிரிக்கிறாள், பிள்ளையைப் பறிகுடுத்தவள் சிரிக்கிறாள். ஒரு ஆமிக்காரன் அங்கால திரும்பி நிண்டு தோளைக் குலுக்கிறான். அண்டைக்குத் தண்ணி வரேல்லை. தண்டனையோ பவுசர் பழுதோ தெரியாது. தண்ணியில்லாமலே சனம் இரவிரவாச் சிரிச்சுது."

சொல்லி முடித்தபோது அவளுக்கே கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, சிரித்துச் சிரித்து.

சிஞ்ஞோராவின் பேனா தாளைத் தொடவேயில்லை. "நல்ல கதை" என்றாள் மெதுவாக. "ஆனால் இது கொஞ்சம் இலேசாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள். கனமாக ஏதாவது? உன் அம்மா மண்ணைக் கையில் எடுத்து… அப்படி ஏதாவது?"

செல்வமலர் சுவரைப் பார்த்தாள். சிரிக்கிறான் என்ற அந்த டென்மார்க்குச் சொல்லை எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள் இந்த மனிசி.

"அம்மா ஒண்டும் எடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டு மொப்பைக் கையில் எடுத்தாள்.

"சரி, சரி. அப்படியென்றால் ஒரு சொல் மட்டும். உங்கள் மொழியில் களிமண்ணை எப்படிச் சொல்வீர்கள்?"

"களிமண்."

"அதற்கு என்ன அர்த்தம்? ஆழத்தில்? சனங்கள் எப்போது அந்தச் சொல்லைச் சொல்வார்கள்?"

மணி பதினொன்று. நிலம் பாதிதான் கழுவியிருந்தது. பன்னிரண்டுக்குள் முடித்துவிட்டு அமலினியின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட ஓட வேண்டும். சிஞ்ஞோரா அவள் முன்னால் குறிப்புப் புத்தகத்தோடு, தலையைச் சாய்த்துக்கொண்டு, குருவி மாதிரி நின்றாள்.

"மண்டைக்குள்ள இருக்கிறதுக்குச் சொல்லுறது" என்றாள் செல்வமலர்.

"தலைக்குள்ளேயா? களிமண் தலைக்குள்ளேயா?"

"ஓம். சில பேருக்கு."

சிஞ்ஞோரா மூச்சை உள்ளே இழுத்தாள். தூரிகையும் மையும் கொண்டுவந்து, ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தாள். "உன் கையால் எழுது. உன் எழுத்தில்."

செல்வமலர் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். 'மண்டைக்குள்ள களிமண்'. எழுத்து வடிவாகவே வந்தது. சின்ன வயதில் அவள் எழுத்துக்குப் பரிசு வாங்கியவள். மை காய்வதற்குள் மிச்ச நிலத்தைக் கழுவி முடித்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த செவ்வாய்க்குள் அதை மறந்தும் போனாள்.

சிஞ்ஞோரா மறக்கவில்லை. சித்திரை மாதக் கடைசியில் பல்லாரோவுக்குப் பின்னால், பூசை நின்றுபோன ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் கண்காட்சி என்று முடிவாயிற்று. நகரசபைக்காரர்கள், சமூகமும் வர வேண்டும் என்றார்களாம். "உங்கள் சமூகத்துக்கு யார் தலைவர்?" என்று சிஞ்ஞோரா கேட்டாள். செல்வமலர் ஞானசேகரத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள்.

ஞானசேகரம் பதினொரு வருடமாகத் தமிழ்ச் சங்கத் தலைவர். வேறு யாரும் கேட்காததால் அந்தப் பதவி அவரிடமே தங்கிவிட்டது. ஒரேத்தோப் பகுதியில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வாயிற்காவலராக இருந்தார். கடிதம் பிரித்துப் போட்டு, மின்தூக்கியில் மாட்டிக்கொள்பவர்களை வெளியே எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் சொல்லாராய்ச்சி செய்வார். உலகத்துச் சொற்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது அவருக்குத் தெரியும். பலெர்மோ என்பது பல ஏர் மா, அதாவது பல ஏர்கள் உழுத பெருநிலம். வாயிற்காவலரை இத்தாலியனில் போர்த்தியேரே என்கிறார்கள் அல்லவா, அது போர்த் தீரர் என்பதன் திரிபு. இதை அவர் சீருடையோடு நின்று சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

லெய்ர் என்ற சொல்லை சிஞ்ஞோரா தொலைபேசியில் சொன்ன அன்றே அவர் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கோயிலைத் துப்புரவாக்கத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் செல்வமலர் பழைய சட்டையோடு, அமலினியையும் கூட்டிக்கொண்டு, நேரத்துக்கு முன்பே போனாள். உள்ளே நிலம் பளபளவென்று இருந்தது. நடுவே ஏழு களிமண் குவியல்கள். ஒன்றுக்கும் வேலையோ ஊத்தையோ என்று சந்தேகம் வராதபடி சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தது.

பீடம் இருந்த இடத்துச் சுவரில் அவளுடைய கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் உயரம்.

அமலினி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "மண்… டைக்… குள்ள… களி… அம்மா, இது உங்கட எழுத்தெல்லோ?"

"தெரியும். வாயை மூடு."

கீழே சின்ன எழுத்தில் இத்தாலியனில் விளக்கம். தமிழில் களிமண் என்பது நாம் தலைக்குள் சுமந்து திரியும் நிலம், என்று இருந்தது. அதற்குக் கீழே, செல்வமலர், இணைக்கலைஞர்.

செல்வமலர் சிஞ்ஞோராவைத் தேடினாள். அதற்குள் கதவைத் திறந்து சனத்தை விட்டுவிட்டார்கள். சங்கத்திலிருந்து முப்பது நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வந்திருந்தார்கள். உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் பெரிய செலவு செய்து எழுதி வைத்திருந்தால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

ஞானசேகரம் கடைசியாக, வேட்டி சால்வையோடு, முன்வாசலால் அல்லாமல் விருந்தினர் வருகிற பக்கக் கதவால் வந்தார். கையில் ஆறு பக்க உரை. கண் அதிலேயே இருந்தது. அவரையும் நகரசபைப் பெரியவரையும் சிஞ்ஞோராவையும் சரியாக அந்தச் சுவரின் கீழே, சனத்தைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். மூன்று தலைகளுக்கும் மேலே, அளந்து வைத்தாற்போல, 'மண்டைக்குள்ள களிமண்' நின்றது.

சனத்துக்குள் முதல் அசைவு அப்போதுதான் ஏற்பட்டது.

நகரசபைப் பெரியவர், பலெர்மோ எல்லாருக்கும் தாய் என்றார். சிஞ்ஞோரா ஒட்டுவதையும் வழுக்குவதையும் சொன்னாள். பிறகு ஞானசேகரம் தொண்டையைச் செருமினார்.

"அன்பான பெருமக்களே, லெய்ர் என்ற நோர்வேச் சொல் எங்கட ஈரம் என்ற சொல். முன்னால லகரம் சேர்ந்தது. டென்மார்க்கின் லேர் எங்கட சேறு. சேறு எப்படி லேர் ஆகும் எண்டு சிலர் கேப்பினம். வடதுருவக் குளிரில நாக்கு விறைக்கும். விறைச்ச நாக்கில சே வராது. லே தான் வரும்."

முன்வரிசையில் நின்ற அவர் மனைவி இராசம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஞானசேகரம் ஆறாவது பக்கத்தைப் பிரித்தார். கவிதை.

"மண்ணே, களிமண்ணே, எங்கள் மரபின் கண்ணே,
வடதுருவம் வரை வழிந்த வண்டமிழ் எண்ணெயே…"

செல்வமலருக்குக் கழுகு நினைவு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

அவளோடு வழக்கறிஞர் வீட்டில் வேலை செய்யும் மரியேல் பக்கத்தில் நின்றாள். மொரீசியஸ்காரி. தமிழ்ச் சந்ததி என்றாலும் எழுத்து வாசிக்கத் தெரியாது. "சுவரில் என்ன எழுதியிருக்கிறது? ஏன் எல்லாரும் இப்படி நிற்கிறீர்கள்?" என்று அமலினியின் காதில் கேட்டாள். அமலினி சொன்னாள். மரியேல் சுவரைப் பார்த்தாள், மூன்று பெரியவர்களைப் பார்த்தாள், மூக்கால் ஒரு சத்தம் விட்டாள்.

அவ்வளவுதான். கோயில் முழுவதும் சிரிப்பில் வெடித்துவிட்டது. மூன்றாம் வரிசையில் நின்ற சங்கச் செயலாளர் வசீகரன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மகிழ்ச்சி ததும்புகிறது என்று நினைத்து நகரசபைப் பெரியவர் கை தட்டினார். சிஞ்ஞோராவும் முகம் மலர்ந்து கை தட்டினாள். ஞானசேகரம் கவிதைக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்து முதல் அடியை இன்னொரு தரம் வாசித்தார். கடைசியில் இராசம்மாதான் பொறுக்கமாட்டாமல் மேலே கையைக் காட்டினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அண்ணாந்து, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். சால்வை ஒரு பக்கம் நழுவியது. அந்த முகத்தைப் பார்த்தபோது செல்வமலருக்குச் சிரிப்பு நின்றது. இஸ்திரி மடிப்புக் கலையாமல் இரண்டு பஸ் மாறி வந்த மனிதர்.

சிஞ்ஞோரா சனத்தை விலக்கிக்கொண்டு அமலினியிடம் வந்தாள். "என்ன நடக்கிறது? அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்?"

அமலினி தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்தாள்.

"அறிவில்லை எண்டு அர்த்தம், சிஞ்ஞோரா" என்று பலெர்மோ இத்தாலியனில், சந்தைக்காரியின் இழுவையோடு சொன்னாள் அமலினி. "மண்டைக்குள்ள மூளைக்குப் பதிலாக் களிமண் இருக்கு எண்டு ஏசுறது."

சிஞ்ஞோரா கயிற்றைத் தாண்டிப்போய்த் தன்னுடைய மூன்றாம் குவியலின் மேல் உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே, "எழுதும்போது என்னைத்தான் நினைத்தாயா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றாள் செல்வமலர். கேள்வி கேட்ட ஒருவருக்கு அவ்வளவு நேராக அவள் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. "பதினொரு மணியாச்சு. நிலம் பாதிதான் கழுவினனான்."

இதோடு வேலை போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள். நடந்தது வேறு. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாடிக்காரப் பத்திரிகையாளன் ஒருவன், அற்புதம் என்றான். அடுத்த நாள் பத்திரிகையில் பெரிய படம். அடிமட்டத் தொழிலாளி ஒருத்தி கலையின் அதிகாரத்தை அதன் சுவரிலேயே கேலி செய்த துணிச்சலான படைப்பு, என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்த சிஞ்ஞோராவுக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை செல்வமலர் வேலைக்குப் போனபோது ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "நீ என்னை உடைத்தாய். நன்றி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

செல்வமலருக்கு எரிச்சல் வந்தது. ஏசினால் ஏச்சு உறைக்க வேண்டும். பல்லாரோவில் ஒருத்தியை இப்படி ஏசியிருந்தால் செருப்பாலாவது எறிந்திருப்பாள். இந்த மனிசியோ ஏச்சையும் படம் எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவுகிறாள். இவளை என்ன சொல்லி ஏசுவது?

"சிஞ்ஞோரா, இண்டைக்குக் குவியலுக்கு அடியிலயும் கழுவ வேணும். மணக்குது" என்று மட்டும் சொன்னாள்.

உறைத்தது ஞானசேகரத்துக்குத்தான். பத்திரிகைப் படம் வட்ஸ்அப்பில் ஏறி, இரண்டு நாளில் இலண்டன், ரொறொன்ரோ எல்லாம் சுற்றி, ஒஸ்லோவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்த அண்ணன் மகள் பிரேமினி தொலைபேசி எடுத்து, "சித்தப்பா, உங்கட தலைக்கு மேல என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டாள். போதாததற்கு, "லெய்ருக்கும் ஈரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இஞ்சை பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்" என்றும் சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று இராசம்மா சொன்னாள்.

அடுத்த ஞாயிறு, சங்கத்தின் அவசரக் கூட்டம். ஒரேத்தோவில் ஒரு பழைய கார்த் தரிப்பிடத்தைச் சங்கம் மண்டபமாக வைத்திருந்தது. செல்வமலரை நடுவில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். சுற்றிவர நிர்வாகக் குழு ஏழு பேர். முறைப்பாட்டை வசீகரன் வாசித்தான். போன ஞாயிறு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் அவன்தான். சமூகத்தின் மானத்துக்கு இழுக்கு ஏற்படுத்தியமை, தலைவரை உலகத் தமிழர் முன்னிலையில் அவமதித்தமை என்று இரண்டு குற்றங்கள்.

"தங்கச்சி, நீர் என்ன சொல்லுறீர்?" என்று ஞானசேகரம் கேட்டார். ஒரு கிழமைக்குள் ஆள் மெலிந்திருந்தார்.

செல்வமலர் எழும்பி நின்றாள். "அண்ணை, கோவிக்காதேங்கோ. நான் எழுதேக்கை உங்களை நினைக்கேல்லை. நினைச்சது வேற ஆளை. அந்த ஆள் இப்ப எனக்கு நன்றி சொல்லித் திரியுது. நான் எழுதிப்போட்டு வேலையைப் பாத்துக்கொண்டு போயிட்டன். கீழ வந்து நிண்டது நீங்கள்தான்."

பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த இராசம்மாவின் கை ஆடி, தட்டில் தேநீர் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கை சிரிப்பில் ஆடியதா, வேறெதனாலாவது ஆடியதா என்று திரும்பிப் பார்க்க ஞானசேகரத்துக்குத் துணிவு வரவில்லை.

"கவிதையைப் பற்றி என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டார் அவர் திடீரென்று. "எல்லாரும் மேல எழுதினதைப் பற்றித்தான் கதைக்கினம். கவிதையைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் கண்ணில் இருந்ததைச் செல்வமலர் வாசித்தாள். பழக்கம் கைகொடுத்தது. "நல்ல கவிதை, அண்ணை. ஐஸ்லாந்தில எண்டால் அதுக்குத் தனிப் பேரே இருக்கு."

அவர் முகம் வெளித்தது. என்ன பெயர் என்று கேட்கவில்லை. உடனே அது குறிப்பேட்டில் ஏறியது. பிறகு குழு பக்கத்து அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தது. இப்படிப்பட்ட ஆள் வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பது பாதுகாப்பு என்று தீர்மானித்திருக்க வேண்டும். தலைவரே முன்மொழிந்தார். செல்வமலர் இன்று முதல் சங்கத்தின் உபசெயலாளர்.

எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபின் செல்வமலர் கேட்டாள். "உபசெயலாளருக்கு என்ன வேலை?"

வசீகரன் சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்பைப் புரட்டினான். விழாக் காலங்களில் மண்டபத்தைத் துப்புரவாக வைத்திருத்தல், என்று இருந்தது. அதற்குக் கீழே வேறொன்றும் இல்லை.

"மண்டபம் கழுவ ஆள் தேவையெண்டா நேராக் கேட்டிருக்கலாமே, அண்ணை" என்றாள் அவள். "சரி, செய்யிறன். ஆனா நான் தனியக் கழுவமாட்டன். தண்ணி அள்ளிக்கொண்டு வர ஒரு ஆள் வேணும். பதவியில இருக்கிற ஆளாத்தான் வேணும்."

குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் முழங்காலையும் முதுகையும் தடவிக்கொண்டார்கள். கடைசியில் ஞானசேகரம் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "நான் அள்ளித் தாறன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். ஆடி மாத விழா முடிந்த அன்று பின்னேரம் வேட்டியை மடித்துக் கட்டி, வெளிக் குழாயிலிருந்து பதினாறு தரம் அள்ளினார். ஒவ்வொரு தரமும் பாதியை வழியிலேயே சிந்தினார். மொப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ஒன்பதாவது தடவை சொல்லத் தொடங்கினார். செல்வமலர் நிமிராமல், "காலைத் தூக்குங்கோ, அண்ணை" என்றாள்.